செட்டுக்குப் புது மூளை

போனை வைத்த பிறகும் பவளம் கண்ணாடிக் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தின் இரைச்சலெல்லாம் வெளியே இருந்தது; உள்ளே ஏசுதாஸின் குரல் மட்டும் இன்னும் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னையில், வீட்டு ரேடியோவிலிருந்தே உலகத்தோடு பேசுகிறவர்களின் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. இன்றும் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ரேடியோ செட்டு ஆடியிலேர்ந்து ஊமையாக் கிடக்கு. கமிட்டில முடிவு பண்ணிட்டாங்கம்மா, காலேஜ் பசங்களுக்குக் குடுத்துடறதுன்னு. ஞாயித்துக்கிழமை நானே கார்ல வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு தொறந்துடாதீங்க. உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. அதெல்லாம் லேடீஸ் கை வைக்கற விஷயம் இல்ல."

"வாங்க சார்," என்றாள் பவளம். "ஞாயித்துக்கெயம வாங்க."

தொறக்க மாட்டேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

தன் ஊரான பெருநகருக்குப் போகும் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மடியிலிருந்த பையில், காலையில் தபால் நிலையத்தில் வாங்கிய சின்னப் பொட்டலம். ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த மனிதரை அவள் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. செட்டு நன்றாக இருந்த நாளில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் எழுத்துத் தட்டிப் பழகியவர். 'உன் செட்டுக்கு ஒரு வியாதி உண்டு, என்றைக்காவது வரும்' என்று முன்பே எச்சரித்திருந்தார். ஆடியில் வந்தேவிட்டது. அந்தச் செட்டுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. எந்த அலைவரிசையில் நிற்பது, எண்களை எப்படிக் காட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. அதற்கு வேண்டிய புரோகிராம் ஒரு சின்னப் பலகையில் இருக்க, அது அழிந்துபோகாமல் காத்துவந்தது பொட்டளவு பேட்டரி ஒன்று. பேட்டரி தீர்ந்த அன்று செட்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். அவ்வளவுதான். ஜெர்மன்காரர் தன் கையால் செய்து அனுப்பியிருக்கும் புதுப் பலகைக்கு பேட்டரியே வேண்டாம். புரோகிராம் அதன் மின்னணுச் சில்லிலேயே அழியாமல் பதிந்திருந்தது. பழையதைவிட அதிக அலைவரிசைகளையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

செட்டு மயிலாப்பூர் ஆண்டாளம்மாளுடையது. பவளம் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ரேடியோ உரிமத்துக்கான மோர்ஸ் தேர்வு எழுதச் சென்னை போனபோது, வந்திருந்தவர்களில் அந்த அம்மாளும் அவளும்தான் பெண்கள். அந்த அம்மாள் சாகுமுன் செட்டைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். பெருநகர்ப் பெண் கையில் அது பேசிக்கொண்டிருக்கும்வரை அவளிடமே இருக்கட்டும் என்றும் எழுதினார். பேசிக்கொண்டிருக்கும்வரை. செட்டு ஊமையானதும் கமிட்டி பிடித்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. புரட்டாசி முடியப்போகிறது, மழையைக் காணோம். காலையில் மூன்று பேஸ் கரண்டு வந்ததும் அவள் புருஷன் வேதாசலம் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கழனிக்குள் இறங்கிவிட்டான். பவளம் உள்ளறை மேசையில் செட்டைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினாள். உடம்பிலிருக்கும் மின்னூட்டம் பட்டால் சில்லு செத்துப்போகும். அதனால் இடது மணிக்கட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கொல்லைப்புற அடிபம்பின் குழாயில் கட்டியிருந்தாள்.

மாமியார் தாயாரம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது கூத்து? மாட்டக் கட்டி வெச்சாப்புல கட்டிக்கினு கீற?"

"அவுத்துக்கினு ஓடிட மாட்டேன் அத்த. ஒரு வேல கீது."

பழைய பலகையை எடுக்க மூன்று கம்பிகளை விடுவிக்க வேண்டும். சூட்டுக்கோலை வைத்தாள். ஈயம் அசையவில்லை. எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தாள். சுரீர் என்ற சத்தமே இல்லை. தலைக்கு மேல் பல்பு மஞ்சளாய் மினுங்கியது. மோட்டார் இழுக்கிற இழுப்பில் வீட்டுக்கு வர வேண்டிய வோல்டேஜ் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் தானாக நிற்பது கரண்டு போகும்போதுதான். பிறகு ராத்திரி வருவதை நம்ப முடியாது. மணிக்கட்டுக் கம்பியை அவிழ்த்தாள். வரப்போடு நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போய் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து, மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேதாசலம் முழங்கால் சேற்றோடு வந்து நின்றான். "எவ மோட்டார நிறுத்தினது?"

"நான்தான்."

"கரண்டு வர்றதே செத்த நேரம். மேல மடை கூட ரொம்பல. உன் பொட்டிக்கோசரம் பயிர காய வுட்டுடலாமா?"

"வோல்டேஜ் எறங்கிப் போச்சி மாமா. ஈயம் உருகல. உருகாத ஈயத்த வெச்சி ஒட்டினா நாளைக்கே வுட்டுக்கும்."

"அதான் அந்தாளு வந்து எடுத்துக்கினு போறன்றாரே. பேஜாரு வுட்டுச்சின்னு இரேன். இந்த வூட்ல உனக்கு இன்னா கொறச்சலு?"

கம்பி கட்டியிருந்ததால் அவள் எழவில்லை. உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "கொறச்சல்னு நான் எப்ப சொன்னன்? ஊர்ல என்ன வேதாசலம் பொஞ்சாதின்றாங்க. தாயாரம்மா மருமவளுன்றாங்க. சந்தோசந்தான். இதுல தட்டனா, யாரு பொஞ்சாதின்னு கேக்கறதில்ல, தட்டற கை சுத்தமா கீதா, எயுத்து புரியுதான்னு மட்டுந்தான் கேக்கறாங்க. இத்த நான் குடுக்கறதா இல்ல. நீ சொன்னாலும் குடுக்க மாட்டேன்."

அவன் அவளுடைய கம்பி சுற்றிய கையைப் பார்த்தான். குடல் சரிந்தாற்போல் கிடந்த செட்டைப் பார்த்தான். "பயிரு காஞ்சா நீதான் கொடத்துல மொண்டாந்து ஊத்தணும்," என்றான்.

"ஊத்தறன்."

அவன் போய்விட்டான். பவளம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மோட்டார்ச் சத்தம் வரவில்லை. சன்னல் வழியே பார்த்தால், கொட்டகை வாசலில் குந்தி, கழனியைப் பார்த்தபடி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

பல்பு இப்போது வெளுப்பாய் எரிந்துகொண்டிருந்தது. சூட்டுக்கோல் முனையில் ஈயம் கரைந்து பாதரசம் போல் உருண்டது. ஒவ்வொரு கம்பியாக எடுத்து, புதுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஊதவில்லை, அசைக்கவில்லை. தானே ஆறட்டும் என்று மூச்சைப் பிடித்திருந்தாள். பலகையை அதன் இடத்தில் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

விளக்கு எரிந்தது. எண்கள் வரவில்லை.

ஏசுதாஸ் சிரிக்கமாட்டார். 'சொன்னேனேம்மா' என்று மெதுவாகச் சொல்வார். அதுதான் தாங்காது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். ஒட்டெல்லாம் சரி. கடைசியில் பலகையின் ஓரத்தில் கண்டுபிடித்தாள்: ஊசிக்கால்கள் ஒரு துளை தள்ளி உட்கார்ந்திருந்தன. நல்லவேளை, எதுவும் கருகவில்லை. உருவி, நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். நறுக்கென்று உள்ளே போனது.

இந்த முறை பச்சை எண்கள் வரிசையாக எழுந்து நின்றன. குமிழைத் திருப்பினாள்; எண்களும் ஓடின. மழை பெய்கிறாற்போல் ஒலிபெருக்கி இரைந்தது. அவள் சன்னலுக்கு வெளியே கத்தினாள்: "மாமா! மோட்டாரப் போட்டுக்கோ!"

ஞாயிற்றுக்கிழமை ஏசுதாஸ் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். அறைக்குள் நுழைந்ததும் பச்சை எண்களைத்தான் முதலில் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த பழைய பலகையை.

"யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க சார். அதான் கேக்கல."

"வேலை செய்யறது சந்தோஷம்மா. ஆனா இது சங்கத்துச் சொத்து. கமிட்டி முடிவு முடிவுதான். நான் இதுல..."

ஒலிபெருக்கியில் கீச்சென்று ஒரு ஓசை எழுந்தது. எங்கோ தொலைவிலிருந்து யாரோ பவளத்துக்கு மட்டுமேயான அழைப்பெழுத்துகளைத் தட்டினார்கள். ஆடிக்குப் பிறகு முதல் தடவை. அவள் ஏசுதாஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கை மோர்ஸ் தட்டுக்கருவியின் மேல் போனது.

ஏசுதாஸ் பெட்டியைக் கீழே வைக்கவுமில்லை, முன்னால் வரவுமில்லை. இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்தபடி நின்றார். தெருவில் அவருடைய கார் டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் திரும்பவில்லை. பெட்டியின் விளிம்பில் அவருடைய கட்டைவிரல், அந்தத் தொலைதூரத்து ஆள் தட்டுவதை ஒவ்வொரு எழுத்தாகத் தொடர்ந்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தது.