அக்கா என்கிற தேசிய மொழித்திறன்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது இல்லை. அக்கா வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். கூட இருக்க மூன்று மாதம் விடுப்பு கேட்டாள், இல்லை என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்பித் தீர்த்தாள். நான் ஆறுதல் சொல்லாமல் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தம்பி எழுத்தாளன் என்றால் அக்காவின் கதி இதுதான்.

முதல் வரி: 'உலகமே சுருங்கிவிட்ட இக்காலச் சூழலில் அந்நிய மொழிக் கல்வியின் இன்றியமையாமை...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2.

ஏன் விடுப்பு இல்லை? தூரத்துத் தீவு நாடு ஒன்றின் மொழி, நாட்டிலேயே அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். துறையின் ஆண்டறிக்கையில் அந்த மொழிக்கு நேராக 'தேசியத் திறன்: போதுமானது' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் போதுமானது எங்கள் வீட்டுக் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறது.

3.

நல்லவேளையாகப் புதிய மொழிக் கொள்கை வந்தது. மொழி தெரிந்த அலுவலர் அத்தனை பேருக்கும் தேர்வு. தோற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். அக்காவுக்கு முகமெல்லாம் பல். அவள் மொழிக்குக் கேள்வித்தாள் தயாரிக்க வேறு ஆளில்லை, அவளே தயாரித்தாள். அவளே எழுதினாள். திருத்தவும் அவளிடமே வந்தது.

"தப்புத் தப்பா எழுதிட்டியா?" என்றேன்.

"கேள்வியெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுடா. தப்பா எழுத மனசு வரல."

ஆனாலும் மகளை நினைத்துக்கொண்டு, சரியான விடைகளைச் சிவப்பு மையால் அடித்துத் தன்னைத் தானே தோற்கடித்தாள். அடித்துவிட்டு அழுதாள். (அழவில்லை, ஜலதோஷம் என்கிறாள். நான் மாற்றப்போவதில்லை.)

4.

முடிவு ஒன்று: விடுதலையான அக்கா விமானம் ஏறி...

இங்கே அவளுடைய இயக்குநர் குறுக்கே வந்துவிட்டார். தோற்றவருக்கு விடைத்தாள் திருத்தத் தகுதி கிடையாது. ஆகவே அவர் போட்ட மதிப்பெண் செல்லாது. ஆகவே அவர் தோற்கவில்லை. இந்த மனிதரைக் கதைக்குள் கூட்டிவந்ததே நான்தான், எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: வேறு ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்கு நாலு வருடம் ஆகும். குழந்தை பள்ளிக்கூடத்துக்கே போய்விடும்.

முடிவு மூன்றை எழுதுவதற்குள் மகள் போன் செய்துவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்களாம். "பயமா இருக்கும்மா" என்றாள். இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் நின்று பேசுகிறவள் "இதோ வரேன்மா" என்றாள். போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

5.

இப்போது வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. அந்தத் தீவு நாட்டு அமைச்சரும் இன்றைக்கென்று மீன்பிடி ஒப்பந்தத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். போன் அடிக்கிறது. இயக்குநர்தான்.

"நான் வீட்ல இல்லன்னு சொல்லுடா" என்கிறாள் அக்கா.

எனக்குப் பொய் எழுத வரும், சொல்ல வராது. அதனால் போனை உங்களிடம் கொடுக்கிறேன். மறுமுனையில் ஒரு நாடே வாய் திறக்க முடியாமல் காத்திருக்கிறது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்து ஏதாவது சொல்லுங்கள். சீக்கிரம், அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.