ஒரே எண்ணுக்கு இரண்டு புள்ளிகள்

...எழுபத்தொன்பது, நின்றுவிட்டதா, இல்லை, எண்பது, ஏறுகிறது, விருதுநகரில் இந்த மாடியறையிலிருந்து மும்பையில் எங்கேயோ குளிரூட்டிய கூடத்தில் இருக்கும் சர்வருக்கு ஏழாயிரம்பண்ணையும் எம். புதுப்பட்டியும் வரைபடமாகத் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன, அந்த சர்வரை சங்கரபாண்டியன் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை, அதற்கு ஓர் எண் முகவரி இருக்கிறது, அது போதும். மணி ஒன்பது ஐம்பது. பதினொன்றுக்கு ஒத்திகை, தீயணைப்பு வண்டி கிளம்பும், டிரைவரிடம் பட்டாசுக் கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டார்கள், உரிம எண்ணை மட்டும் கொடுப்பார்கள், அதைத் தட்டினால் வரைபடம் வழி காட்ட வேண்டும். காட்டாவிட்டால்? காட்டாவிட்டால் பழைய விலாசப் புத்தகமே போதும் என்று பட்டாசுக் கம்பெனிகளின் சங்கத்தில் பாதிப் பேர் காத்திருக்கிறார்கள், வரைபடத்தில் குறித்த நானூற்றுப் பன்னிரண்டு கம்பெனி வாசல்களும் அத்தோடு மூட்டைகட்டப்படும், அதில் முந்நூற்று எழுபது மனைவி ஸ்ரீமதி வெயிலில் அலைந்து எடுத்தவை, ஸ்ரீமதி போய்ச் சேர்ந்து பதினொரு மாதம், அவள் செய்த வேலை என்று உலகத்தில் மிச்சம் இருப்பது இந்தப் புள்ளிகள்தான், எண்பத்தாறு, எண்பத்தேழு... போன வாரம் ஏற்றியபோது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போய் அத்தனை கம்பெனியும் வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் போய் விழுந்தன, லேப்டாப்பில் சரியாக இருந்தது, சர்வரில்தான் இந்தக் கூத்து, சங்கச் செயலாளர் கனகசபாபதி பத்தே நிமிடத்தில் போன் செய்தார், என்ன தம்பி, நம்ம கம்பெனியெல்லாம் கடலுக்குள்ள கெடக்கு, சரக்கு பூராம் நமுத்துப் போயிருமே என்று சிரித்தார், இவனும் சிரித்திருக்க வேண்டும், சரிபண்ணிருவேன் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னான்.

நூறு. பழைய பிரதியை நிறுத்து, புதியதை எழுப்பு, தற்காலிகச் சேமிப்பைத் துடை, பக்கத்தைத் திற. விருதுநகர், சாத்தூர், சாலைகள், புள்ளிகள், எல்லாம் தரையில்தான் இருக்கின்றன, நல்லது, ஒத்திகைக்கு வைத்திருக்கும் எண்ணை முதலில் தட்டிப் பார்த்துவிடலாம், ஏழாயிரம்பண்ணை தாண்டி உள்ளே இருக்கிற கம்பெனி, ஆகத் தொலைவில் இருப்பதால்தான் அண்ணாச்சி அதைத் தேர்ந்தெடுத்தார். தட்டினான். இரண்டு புள்ளிகள் எரிந்தன. ஒரே எண், இரண்டு புள்ளிகள், நடுவே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வரைபடம் எதைப் பிடிக்கும், பட்டியலில் முதலில் வருவதைப் பிடிக்கும், முதலில் வருவது எது, தெற்கே இருப்பது, அது சரியா? தெரியாது. புள்ளிப் பட்டியல் சர்வரில் இருக்கிறது, லேப்டாப்பில் இருந்தது அதன் பழைய நகல், அதில் ஒன்றுதான் இருந்தது. எடுத்தவர் யார் என்று பார்த்தான். தெற்குப் புள்ளி, ஸ்ரீமதி, பகல் ஒன்று ஐம்பத்தைந்து. வடக்குப் புள்ளி, சங்கரபாண்டியன், அதே நாள் பிற்பகல் மூன்று ஐம்பது. இவனா? இவன் அந்தக் கம்பெனியை வாழ்நாளில் பார்த்ததே கிடையாது, வெளியே அலைவது அவள், உள்ளே உட்கார்ந்து ஏற்றுவது இவன், கல்யாணத்துக்கு முன்பே பேசிக்கொண்ட ஏற்பாடு. அவள் எடுத்த புள்ளிகளெல்லாம் வாசல்கள்தான், கம்பெனிக்குள்ளே கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள், ஒரு பொறி போதுமே, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், புள்ளியை எடுத்துவிட்டு போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள், எத்தனை அறை, மருந்து கலக்கிற இடம் எது, தண்ணீர்த் தொட்டி எங்கே, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள். அப்படியென்றால் கையில் போன் இல்லாமல் இரண்டாவது புள்ளி எப்படி, அதுவும் என் பெயரில்... மணி பத்து எட்டு. கம்பெனி வாசல் அறையின் போன் எண் பட்டியலில் இருந்தது. அடித்தான்.

"அலோ, யாரு?" ஒரு பெண்குரல், அதட்டலாக.

"விருதுநகர்ல இருந்து பேசுறேம்மா, மேப் வேலை. உங்க கம்பெனிக்குத் தீயணைப்பு வண்டி வரணும்னா எந்த வாசலுக்கு வரணும்?"

"எதுக்கு, இங்கன ஒண்ணும் எரியலையே?"

"ஒத்திகைக்கும்மா."

"அதான பாத்தேன். முன்வாசலுக்கு விட்றாதீக. பாலம் இடிஞ்சு ரெண்டு வருசமாச்சு, ஆளு வரலாம், ஆடு வரலாம், வண்டி வராது. லோடு வண்டியெல்லாம் வடக்க பின்வாசல்லதான் நிக்கும். அப்பமே அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேனே, எழுதலையா?"

எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டான்.

"மேப்பு எடுக்க வந்துச்சே, ஒசரமா, கண்ணாடி போட்டு. மயங்கி விழுந்துச்சே, போன வருசம் இதே வெயிலுக்கு."

மயங்கி. ஸ்ரீமதியா, வேறு யாராவதாக இருக்கும், கண்ணாடி போட்டவர்கள் எத்தனையோ பேர், ஆனால் மேப் எடுக்கப் போனவள் ஒருத்திதான், இவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான், போனில் அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள்.

"போனை எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் உள்ள போச்சு. அரை மணி இருக்காது, ரெண்டு பிள்ளைக கைத்தாங்கலாக் கூட்டியாராளுக. பின்வாசல் கூரைக்குக் கீழ படுக்கப்போட்டு சோடா வாங்கிக் குடுத்தோம். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணைத் தொறந்து போனைக் கேட்டுச்சு. கேட்டுக்கு வெளிய வச்சுக் குடுத்தேன், என்னமோ தட்டுச்சு. அதுக்கப்பெறகு எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்துச்சு."

"யாரு வாராங்கன்னு?"

"எனக்கென்ன தெரியும்? வீட்டுக்காரன்னு ஒருத்தன் இருப்பான்ல, கிறுக்குப்பய, பொண்டாட்டி மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருக்கா, எட்டிப் பாக்கலையே. அஞ்சு மணிக்கு நம்ம ஆளுக போற வேன்லதான் ஏத்திவிட்டேன். இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்காங்க."

"நீங்க அதுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பாக்குறவன்."

"முத்துப்பேச்சி கேட்டான்னு சொல்லுங்க. தெரியும் அதுக்கு."

சொல்றேன் என்றான். வைத்தான். சொல்றேன் என்று எப்படி வாய் வந்தது, வந்துவிட்டது, நல்லா இருக்காங்க என்றும் வந்துவிட்டது, அப்படித்தான் வருகிறது, பதினொரு மாதமாக எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் தானாக வெளியே போகிறது, யாரோ எழுதி வைத்த கமாண்ட் மாதிரி. ஸ்ரீமதியைக் கடைசியாகச் சேர்த்த மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், மூளையில் ரத்தக்கசிவு, இதற்கு முன்னால் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறார்களா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார், இவன் யோசிக்கவே இல்லை, இல்லை சார், ஒரு தடவைகூட இல்லை என்றான், எவ்வளவு உறுதியாகச் சொன்னான், நல்ல மாணவன் மாதிரி. சொல்லியிருந்தால்? அன்றைக்குச் சொல்லி ஒன்றும் ஆகியிருக்காது, டாக்டரே அப்புறம் அப்படித்தான் சொன்னார், ஆனால் மயங்கிய அன்றைக்கே தெரிந்திருந்தால், இடையில் நாற்பத்து மூன்று நாள் இருந்ததே, நாற்பத்து மூன்று நாளில் ஒரு ஸ்கேன் எடுக்க முடியாதா... நிறுத்து. மணி பத்து இருபத்தொன்று. வடக்குப் புள்ளிதான் சரி, தெற்கை நீக்கு, வேலை முடிந்தது. ஆனால் வடக்குப் புள்ளியை நான் எங்கிருந்து எடுத்தேன்?

கைப்பேசிச் செய்திகளில் ஸ்ரீமதியின் பெயர் எவ்வளவோ கீழே போயிருந்தது, இத்தனை நாளில் அதைத் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. நாள் தெரியும், மூன்று ஐம்பதுக்குச் சற்று முன்னால் ஏதாவது இருக்க வேண்டும், இருந்தது. மூன்று நாற்பத்திரண்டு, அவளிடமிருந்து ஓர் இருப்பிடம். வரைபடத்தில் ஒரு சிவப்புக் குறி, சுற்றிலும் வெறும் காடு. ஒரு வார்த்தைகூட இல்லை. கீழே மூன்று நாற்பத்து மூன்றுக்கு இவன் பதிலாக அனுப்பிய, உயர்த்திய கட்டைவிரல் படம். அப்புறம் ஐந்து இருபதுக்குத்தான் அவள் எழுதியிருக்கிறாள், வேன்ல வர்றேன். ஆக இவ்வளவுதான், அவள் தான் இருக்கிற இடத்தை அனுப்பினாள், இவன் அதிலிருந்த எண்களை எடுத்துப் பட்டியலில் சேர்த்தான், இன்னொரு வாசல் என்று நினைத்து. இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். என்ன செய்துகொண்டிருந்தான், ஞாபகம் இல்லை, அந்தப் பகலே ஞாபகம் இல்லை, ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னது மட்டும் இருக்கிறது, என்ன இன்னைக்கு ஒரே கம்பெனிக்கு ரெண்டு வாசல் எடுத்திருக்கே என்றான், அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள், ஆமா, ரெண்டு வாசல் என்றாள், சிரித்தாள். சிரித்தாளா? சிரித்தாள் என்றுதான் இத்தனை நாள் இருந்தது. வெயில், தலை வலிக்குது என்று சீக்கிரம் படுத்துக்கொண்டாள்.

கனகசபாபதி கூப்பிட்டார். தம்பி, என்ன ஆச்சு, இங்கன எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காங்க, டிரைவர் வேற ஏறி உக்காந்துட்டான். அஞ்சு நிமிசம் அண்ணாச்சி. வைத்துவிட்டு டேட்டாபேஸுக்குள் போனான், இந்தமுறை நேராக சர்வரில், தெற்குப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தான், ஸ்ரீமதி, ஒன்று ஐம்பத்தைந்து, நீக்கவா என்று கேட்டது, அவள் கையால் வைத்தது இதுதான், நீக்கிவிட்டால் இந்தக் கம்பெனிக்கு அவள் போனதாகவே எங்கும் இருக்காது, இவன் பெயரில் ஒரு வாசல் இருக்கும், இவன் போகாத வாசல், ஆனால் இதை வைத்தால் வண்டி இடிந்த பாலத்தில் போய் நிற்கும், அவள் எடுத்த மற்ற முந்நூற்று அறுபத்தொன்பதும் போகும். ஆம் என்று தட்டினான். போய்விட்டது, சத்தம் ஒன்றும் வரவில்லை. வடக்குப் புள்ளியில் எடுத்தவர் என்ற இடத்துக்கு நகர்ந்தான், தன் பெயரை அழித்து அவள் பெயரைத் தட்டினான், சேமித்தான். மறுபடி எழுப்பினான். எண்ணைத் தட்டினான். ஒரு புள்ளி. நீலக் கோடு ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி, பிரிவில் வலப்பக்கம் திரும்பி, லோடு வண்டிப் பாதையில் ஏறிப் பின்வாசலில் போய் நின்றது.

பதினொன்று இரண்டு. திரையில் வண்டியின் குறி நகரத் தொடங்கியது. கனகசபாபதியிடமிருந்து செய்தி, கெளம்பிருச்சு தம்பி, பின்வாசல்தானே, உறுதியா? விரல் வழக்கம்போல் அந்தக் கட்டைவிரலை நோக்கிப் போனது, எதற்கும் அதைத்தான் அனுப்புவான், பார்த்தேன் என்றாலும் அதுதான், கிடைத்தது என்றாலும் அதுதான், ஒரு தட்டு, வேலை மிச்சம். தொடப்போன விரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றது. அன்றைக்கு இவன் அனுப்பியது கிடைத்தது என்ற அர்த்தத்தில்தான், அதில் சந்தேகம் இல்லை. அவள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை, இன்னொரு தடவை கேட்கவும் இல்லை, ஐந்து மணிவரைக்கும் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து... அந்தக் கட்டைவிரலை, வருகிறேன் என்றா படித்தாள்?