ஐந்து நிமிஷத் தூக்கம்

சுலைஹாவின் வயிற்றில் இருந்த பிள்ளை இரண்டு வருஷம் மூன்று மாதம் நின்றுகொண்டே இருந்தது. ஸ்கேன் படத்தை அவள் கணவன் ஹாரூன் தன் சாப்பாட்டுக் கடையில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தான். யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்து வழி சொல்ல மாட்டாரா என்ற நப்பாசைதான். படத்தில் பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது. இடது கையை மேலே தூக்கி, ரயிலில் நிற்பவர்கள் பிடிவாரைப் பிடிப்பது போலத் தொப்புள்கொடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்கள் விலையைப் பார்த்து 'அடடா' என்பது போல ஒரு அலமாக், படத்தைப் பார்த்து ஒரு அலமாக் சொல்லிவிட்டு உட்காருவார்கள். மலேசிய எல்லையில் இருக்கும் ஜோகூர் பாருவில் எதற்கும் ஆட்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

இது எங்கே ஆரம்பித்தது என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் அந்தோனிப்பிள்ளை. வயது ஐம்பத்து நான்கு. சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். அது வயிற்றுப்பாட்டுக்கு. ஊரில் அவருக்கு இருந்த மரியாதை வேறொரு வேலையால் வந்தது. பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலய வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டி உட்கார வைப்பவர் அவர்தான். கர்ப்பிணி வந்தால் மின்விசிறிக்குக் கீழே. நடக்க முடியாதவர் வந்தால் நடைபாதை ஓரம். இளவட்டங்கள் யாராவது இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் ஒரு பார்வைதான், எழுந்துவிடுவார்கள். பூசை முடியும்வரை அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

திங்கள் முதல் சனி வரை காலையில் அவர் வேறு ஆள். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகும் ரயில் ஐந்தே நிமிஷம்தான் ஓடும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு உட்கார இடம் பிடிக்க ஜனங்கள் அடிக்கிற கூத்தைச் சொல்லி மாளாது. பாஸ்போர்ட்டில் கை வைத்தபடியே படியிறங்கி ஓடுவார்கள். முதுகுப்பையைக் கழற்றாமல் திரும்பி நாலு பேர் முகத்தில் இடிப்பார்கள். காதில் ஒன்றும் மாட்டாமல் போனில் நாடகம் பார்ப்பார் ஒருவர். கதவை அடைத்து நின்றுகொண்டு ஏறுகிறவர்களிடமெல்லாம் 'சோரி லா' என்பார் இன்னொருவர், நகரமாட்டார். அந்தோனிப்பிள்ளை இவர்கள் எல்லோரையும் முழங்கையால் விலக்கி மூன்றாம் பெட்டியில், கதவை ஒட்டிய ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடுவார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது சுலைஹா ஏறினாள். எட்டு மாத வயிறு. பாலத்துக்கு அந்தப் பக்கம், உட்லண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் அவள் கணவன் கடையில்தான் அவருக்குக் காலைப் பசியாறல். அவளைத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. கூட்டம் தள்ளித் தள்ளி அவளைச் சரியாக அவர் முழங்காலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தோனிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். முட்டி வலி என்று சொல்ல முடியாது, முட்டி அன்று நன்றாகத்தான் இருந்தது. இரவு தூக்கம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மெல்லிய குறட்டை ஒன்றும் விட்டார். குறட்டை! ஐந்து நிமிஷப் பயணத்தில் குறட்டை விட்ட மனுஷனை என்னவென்று சொல்வது? பாலத்தின் நடுவில் ரயில் குலுங்கியபோது அவள் வயிறு அவர் தோளில் முட்டியது. உள்ளே இருந்த பிள்ளை எழுந்து நின்றதை அவர் தோள் உணர்ந்தது. அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து சுலைஹாவால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு குறைந்தது, எழுந்தால் திரும்பி வந்தது. படுத்தாலும் அதே கதை. ஆஸ்பத்திரியில் மூன்று தடவை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள். மூன்று தடவையும் மேசையில் கிடத்தியதும் துடிப்பு அடங்கப் பார்த்தது. டாக்டர் கத்தியை வைத்துவிட்டு அவளை நிற்க வைத்தார். பத்து மாதம் ஆனது, பதினைந்து ஆனது. அவள் நின்றபடி சாப்பிட்டாள், நின்றபடி தொழுதாள், சுவரில் இரண்டு தலையணை கட்டி அதில் சாய்ந்து நின்றபடி தூங்கினாள். பிரசவ விடுமுறை தீர்ந்துபோனதால் வேலைக்கும் போனாள். மூன்றாம் பெட்டியில் அவள் ஏறினால் வரிசையே எழுந்து நிற்கும். அவள் சிரித்துவிட்டு, பிள்ளைக்கு ஆகாது, நீங்க உக்காருங்க என்பாள். கூச்சத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அந்தப் பெட்டியில் அந்த இரண்டு வருஷமும் இருக்கைகள் காலியாகப் போயின, ஜனங்கள் நெரிசலில் நின்றார்கள்.

அந்தோனிப்பிள்ளை மறுநாளே பஸ்ஸுக்கு மாறிவிட்டார். பாலத்தில் பஸ் இரண்டு மணி நேரம் நின்றது. ரயிலில் என்ன குறை என்று அவர் மனைவி பிரேமளா கேட்டபோது, கூட்டம் என்றார். பசியாறலை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. திடீரென்று போகாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்களே! அங்கே ஹாரூன் ஒவ்வொரு காலையும் அவர் மேசைக்கு வந்து, விலைவாசியைச் சொல்வது போல அன்றைய நிலவரத்தைச் சொல்வான். கால் வீக்கம் இவ்வளவு, துடிப்பு இவ்வளவு. ஒரு நாள், "அந்தச் செவ்வாய்க்கிழமை ரயில்ல இருந்து எறங்குனதுலேர்ந்துதான்ணே இப்டி. என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா" என்றான். அந்தோனிப்பிள்ளை ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த வாரமே அவர் தெப்ரா பக்கம் ஒரு கடையில் நல்ல மெத்தை நாற்காலி ஒன்று வாங்கிக் கடைக்கு அனுப்பினார். ஹாரூன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உங்க மனசு யாருக்குண்ணே வரும் என்றான். நாற்காலியில் கடைப் பூனை உட்கார்ந்தது. ஞாயிறன்று தேவாலய வாசலில் யாருக்கும் இடம் காட்ட அவருக்குக் கை எழவில்லை.

பிள்ளை நின்று இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆன ஒரு திங்கட்கிழமை ஹாரூன் தேநீரை வைத்துவிட்டு அங்கேயே நின்றான். "டாக்டர் சொல்லிட்டாருண்ணே. இந்த மாசத்துக்கு மேல கால் தாங்காதாம். விழுந்துட்டா ரெண்டு பேருமே…" என்றான். யாரோ இரண்டு ரொட்டி கேட்டார்கள், போட்டுக் கொடுக்கப் போனான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனிப்பிள்ளை ரயிலுக்குப் போனார். யாரையும் இடிக்காமல் வந்தும் மூன்றாம் பெட்டியில் அந்த ஜன்னலோர இருக்கை அவருக்காகவே விட்டு வைத்தது போலக் காலியாக இருந்தது. சுலைஹா ஏறினாள். அவளைக் கண்டதும் ஜனங்கள் ஒடுங்கிக்கொண்டு வழி விட்டார்கள், அவள் அதே இடத்தில் வந்து நின்றாள். அவள் காலைப் பார்த்தார், செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. எழவேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அவருடைய கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இமைகள் கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிட்டன, இழுத்தாலும் மேலே வரவில்லை. தலை தானாகக் கண்ணாடியில் சாய்ந்தது. குறட்டை வரப் போகிறது என்று தெரிந்தபோது அவருக்கு வந்த பயம் வாழ்நாளில் வராத பயம். ரயில் நகர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் இமைகளைப் பிடித்துப் பிய்த்துத் திறந்தார். நீர் கொட்டியது. எழுந்து நின்றார்.

"முழிச்சிட்டீங்களா அங்கிள்?" என்றாள் சுலைஹா.

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் காலையில் பார்த்தால் கேட்பது போலக் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கும் முழிச்சுத்தாம்மா இருந்தேன்" என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

"தெரியும் அங்கிள். நீங்க வீட்டுல எப்டியோ, கடையில ஒரு நாளும் குறட்டை விட்டதில்ல."

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் ஏதோ மடங்கி, திரும்பி, தலை கீழே இறங்குவதைச் சட்டைக்கு மேலேயே எல்லோரும் பார்த்தார்கள். போனில் நாடகம் பார்த்தவர் நாடகத்தை நிறுத்தினார். பாலத்தின் பாதி தாண்டுவதற்குள் பெண் பிள்ளை பிறந்துவிட்டது. முதுகுப்பைக்காரர்கள் பையிலிருந்து துண்டு கொடுத்தார்கள், கதவை அடைத்தவர் முதல் தடவையாக நகர்ந்தார். உட்லண்ட்ஸில் பாஸ்போர்ட் இல்லாமல் வந்த அந்தப் பயணியைக் கண்டு அதிகாரிகள் கொஞ்ச நேரம் திகைத்தார்கள். பிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளையும் போல மூன்று கிலோதான் இருந்தது. உள்ளங்கால்கள் மட்டும் காய்த்துப்போய் இருந்தன.

ஆப்ரின் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது வாரம் நின்றாள். பாலர் பள்ளி ஆசிரியை வயதைக் கணக்குப் பார்த்து, வயிற்றில் நின்ற காலத்தையும் சேர்த்துக்கொண்டு, பெரிய வகுப்பில் போட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தேவாலயத்தில் இடம் காட்டும் வேலையை அந்தோனிப்பிள்ளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ஹாரூன் ஆறு மாதம் அவர் மேசைக்கு வரவில்லை. ஏழாவது மாதம் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

பள்ளி விடுமுறையில் சுலைஹா மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுவாள். பிள்ளை முதலில் ஓடி அந்த ஜன்னலோர இருக்கையைப் பிடிப்பாள், உட்காரமாட்டாள். மறுபடி ரயிலுக்கே திரும்பிவிட்ட அந்தோனிப்பிள்ளை வந்ததும், "அங்கிள், உக்காருங்க" என்பாள். நெரிசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேண்டாம் என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. அதனால் உட்காருகிறார். அவள் அவர் முழங்காலுக்கு முன்னால், இடது கையை மேலே தூக்கி, பிடிவார் எட்டாத உயரத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரயில் குலுங்கினாலும் அசையமாட்டாள். அந்த ஐந்து நிமிஷமும் அந்தோனிப்பிள்ளை கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு போகிறார்.