அறுபத்திரண்டு என்ற விடை

செப்டம்பர் 12, வியாழக்கிழமை. ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் என் மருமகள் நேற்று நடத்திய தேர்வுப் பாடத்துக்குத் ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுதிவிட்டார் மேற்பார்வையாளர். தவறான விடையை உடனே அழிக்காமல் கரும்பலகையில் நிற்கவிட்டது குற்றமாம்! இதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலாது.

பாடம் நடந்தது, நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளியில். தலைமையாசிரியையின் அனுமதியோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் தீக்குச்சிகளால் சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினர். ஒரு சதுரத்துக்கு நான்கு குச்சிகள், இரண்டுக்கு ஏழு, மூன்றுக்குப் பத்து. பத்துச் சதுரங்களுக்கு முப்பத்தொன்று என எண்ணியும் பார்த்தாயிற்று.

“அப்போ இருபது சதுரத்துக்கு?” என்றாள் மருமகள்.

“அறுபத்திரண்டு!” என்று துள்ளினாள், வகுப்பே ‘வாலு’ என்றழைக்கும் சிறுமி. “முப்பத்தொண்ணும் முப்பத்தொண்ணும். இது ஒரு கணக்கா டீச்சர்?”

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். மருமகளோ அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி, “எங்கே, அடுக்கிக் காட்டு” என்று இன்னும் முப்பத்தொரு குச்சிகளைக் கொடுத்தாள்.

வாலு தன் வரிசையின் முடிவிலிருந்து தொடர்ந்தாள். இருபதாவது சதுரம் முடிந்தது. கையில் ஒரு குச்சி மிஞ்சியது.

“எங்கேயோ ஓட்டை விட்டிருக்கடி!” என்று சிரித்தாள் பக்கத்துச் சிறுமி.

வாலு வரிசையை உற்றுப் பார்த்தாள். “இல்லடி. பதினொண்ணாவது பெட்டிக்கு இந்தப் பக்கச் சுவர் முன்னாடியே இருக்கு! முதல் பெட்டிக்கு மட்டும்தான் நாலு. மத்த எல்லாத்துக்கும் மூணே போதும்.”

“எத்தனை பெட்டின்னு நான் சொல்லவே மாட்டேன். இப்போ எத்தனை குச்சி?” என்றாள் மருமகள்.

“எத்தனையா வேணா இருக்கட்டும் டீச்சர், மூணால பெருக்கி ஒண்ணு கூட்டிக்கோங்க!”

இயற்கணிதம் என்னும் சொல்லையே அறியாத பிள்ளை சொன்னது இது. எனக்கு மெய்சிலிர்த்தது.

பாடம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் மேற்பார்வையாளர், “தப்பு விடையை எழுதினது என் கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா. பாஸ் போட்டுடறேன்” என்றார்.

“அந்தத் தப்பு இல்லேன்னா பாடமே இல்லைங்க சார். எழுத மாட்டேன்” என்றாள் அவள். குரலில் நடுக்கமே இல்லை.

வீடு திரும்பும் வழியில், “இப்ப என்னம்மா செய்யப் போற?” என்றேன்.

“அடுத்த புதன்கிழமை மறுதேர்வு மாமா. இதே பாடத்தைத்தான் நடத்தப் போறேன்.”

தெருவில் எதிர்ப்பட்டோரிடமெல்லாம், “இவள் என் மருமகள்” என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வாசகரே, புதன்கிழமை கடைசி வரிசையில் இடம் இருக்கிறது. வந்து அமருங்கள். பாடம் முழுவதையும் பார்த்த பின்பும் ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுத உங்களுக்குக் கை வருமா, வராதா என்று அந்த மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.