ரோஷன் வீட்டு இங்கிலீஷ்

திண்டுக்கல்லுக்கும் கன்னிவாடிக்கும் போய்வரும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர் மதன்குமார். அவன் வாயைத் திறந்தால் டிரைவருக்கு ஹாரன் அடிக்கிற வேலை மிச்சம். அப்படிப்பட்ட வாய்க்காரன், வீட்டுப் படி ஏறியதும் ஊமையாகிவிடுவான். வேண்டுதல் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவது என்று அவனே போட்ட சட்டம்.

மகன் ரோஷனுக்கு ஒரு வயதானபோது வந்த சட்டம் அது. ‘தமிழ் காதுல விழுந்துட்டா பிள்ளைக்கு இங்கிலீஷ் ஒட்டாது தம்பி’ என்று தினமும் முன்சீட்டில் வரும் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் சிமெண்ட் கடைக்காரர். ஒட்டுகிற விஷயம் அவருக்குத் தெரியாதா?

மதன்குமாருக்குத் தெரிந்த இங்கிலீஷ் பதினெட்டு வார்த்தை. மனைவி தீபா பி.காம்., அதனால் அவளுக்கு இருபத்திரண்டு. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் குடும்பம் நடத்தினார்கள். கம், சிட், ஈட், நோ, வெரி குட். திட்டுவதற்குத் தீபாவிடம் சொல் இல்லாததால் வீட்டில் சண்டையே கிடையாது. ‘புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இருக்கணும்’ என்று தெருவே மெச்சியது. மிச்சப் பேச்சை ஒரு செல்போன் கவனித்துக்கொண்டது. அதில் ஒரு மஞ்சள் வாத்து நாள் பூராவும் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ரோஷனுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை என்பதைத் தவிர.

“எங்க வம்சத்துல ஆம்பளப் பிள்ளைகளுக்கு லேட்டாத்தான் வரும்” என்று மதன்குமார் கொஞ்ச நாள் சமாளித்தான். அப்புறம் அதுவும் முடியவில்லை. பஸ்ஸில் தாய் மடியில் உட்கார்ந்த ஏதாவது ஒரு பொடிசு ‘மாமா, எனக்கொரு சீட்டு’ என்று கை நீட்டினால், டிக்கெட்டைக் கிழிக்காமல் அதன் வயதை விசாரித்தான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீபாவோடு அரசு ஆஸ்பத்திரியில் நடந்த குழந்தைகள் முகாமுக்குப் போனான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சகாயசெல்வி முதலில் காதுச் சோதனைக்கு அனுப்பினார். காதில் குறை இல்லை. செல்போன் வாத்தைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார்.

“சரி, வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசிக் காமிங்க” என்றார்.

மதன்குமார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “ரோஷன், கம்.” பையன் வந்தான். “சிட்.” உட்கார்ந்தான். “வெரி குட்.” பையன் மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டி “ஊ” என்றான். “நோ” என்றான் மதன்குமார்.

“அம்புட்டுத்தானா?”

“‘ஸ்லீப்’பும் இருக்கு மேடம். அது படுக்கப் போறப்ப.”

சகாயசெல்வி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். “எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு சார். அதுகிட்டயே நாங்க இதவிட நாலு வார்த்தை கூடப் பேசுவோம்.”

தீபா சிரித்துவிட்டாள். மதன்குமார் சிரிக்கவில்லை. “அப்ப எம்புள்ள பேசமாட்டானா மேடம்?”

“அப்படிச் சொல்லல. வாரா வாரம் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க, பாப்போம். ஆனா வீட்லதான் பெரிய வேலை இருக்கு. பிள்ளைக எப்படிப் பேசக் கத்துக்குதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க சார். காதுல வார்த்தையக் கொட்டுனா மட்டும் பத்தாது. ஃபேனைக் காமிச்சு ‘ஊ’ன்னானே, அதுதான் அவன் பேச்சு. நீங்க அதுக்குப் பதில் சொல்லணும். சொல்லிட்டு, அவன் முறைக்குக் காத்திருக்கணும். மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. உங்க வாத்து காத்திருக்குமா?”

“அது விளம்பரத்துக்குத்தான் நிக்கும்” என்றாள் தீபா.

“உங்களுக்கு வாய் நிறைய வர்ற பாஷையில பேசுங்க. இங்கிலீஷ் எங்கயும் ஓடிப்போகாது, பின்னால வரும்.”

“தமிழ்லயேவா மேடம்?” மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பவனின் குரலில் கேட்டான் மதன்குமார்.

வீட்டில் தமிழ் பேசுவது அவனுக்குப் பெரிய காரியமில்லை. காத்திருப்பதில்தான் உயிர் போனது. கை காட்டிக்கொண்டு ஓடிவருபவருக்காக மூன்று விநாடி வண்டியை நிறுத்தாதவன், ஒரு பொடியனின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. “அப்பு, இது முருங்கைக்கா. ஒட்டன்சத்திரத்துலருந்து வந்துருக்கு. எம்புட்டு நீளம் பாத்தியா?” என்பான். எண்ணத் தொடங்குவான். நாலு வருவதற்குள் “ரைட் ரைட்” என்று வாய் தானாகக் கத்திவிடும். தீபாவோ சட்டம் நீங்கிய அன்றே பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டாள். தெருவும் மெச்சுவதை நிறுத்திக்கொண்டது.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதன்குமார் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். ரோஷன் கை பட்டுச் சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்தது. பையன் தரையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மதன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான்.

“போச்சு” என்றான் ரோஷன்.

மதன்குமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஆமாப்பு! போச்சு! பூராம் போச்சு! ஏ தீபா, போச்சுடி, போச்சு!”

அடுப்படியிலிருந்து ஓடிவந்த தீபா தரையைத்தான் பார்த்தாள். “சோத்துக்குத் தொட்டுக்க இருந்தது அந்த ஒத்த வெஞ்சனம். அதையும் கொட்டிட்டு இளிப்பு வேறயா?”

“நான் சொல்றதக் கேளுடி. அவன்தான்...”

“பச்சப்புள்ள மேல பழியப் போடாதீங்க. கிண்ணத்தை அவன் கைக்கிட்ட வச்சது யாரு?”

“வச்சது நான்தான். பேசுனது...”

“பேசாம நீங்க எப்ப இருந்தீங்க? கம்மு, சிட்டுன்னு ஒன்றரை வருஷம் என்னையே உக்கார வச்ச ஆளுதான நீங்க?”

“நீ மட்டும் என்ன, எனக்கே ‘ஈட்’டுன்னுதான தட்டை வச்ச?”

ரோஷன் அம்மா வாயையும் அப்பா வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அந்தச் சந்தில் அவன் கையை நீட்டி, முகத்தைச் சுளித்து, நீளமாக ஏதோ சொன்னான்.

“நீ செத்த நேரம் சும்மா இர்றா!” என்றார்கள் இருவரும்.

பிறகுதான் உறைத்தது. தீபா வாயைப் பொத்திக்கொண்டாள். மதன்குமார் சாம்பார் மேலேயே மண்டி போட்டு உட்கார்ந்தான். “இல்ல ராசா, நாங்க பேசல. நீ சொல்லு, என்ன சொன்ன?”

ரோஷன் இருவரையும் நன்றாக முறைத்தான். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தான்.