காற்றில்லாத காலை

மகள் மிர்தோவின் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மணலைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலே கோயில் மணி பதினொன்று அடித்தது. வார்வராவின் கை நின்றது.

"பத்து மணின்னுதானே சொன்னாங்க?"

"உங்க ஊர்ல பத்துன்னா பதினொண்ணு" என்றான் கணவன் ஸ்டெலியோஸ், தர்பூசணியை வெட்டியபடி. "இன்னொரு முங்கு போட்டுட்டுப் போ. தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு."

இதையேதான் கொஞ்சம் முன்பும் சொன்னான். அவளும் இறங்கினாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஏதென்ஸில் கப்பலுக்குச் சீட்டு எடுக்கும்போது, "அங்க ஒரு சின்ன வேலையும் இருக்கு" என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். அம்மாவைப் புதைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இந்தச் சின்னத் தீவில் அதற்குமேல் குழி யாருக்கும் சொந்தமில்லை. எலும்புகளை எடுத்து, திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் வைத்துவிடுவார்கள். கழுவுவது மகளின் வேலை. அம்மா செத்த அன்று காற்றில் கப்பல் ஓடவில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். இந்தக் கழுவலையாவது தன் கையால் செய்ய வேண்டும் என்று அன்றே மனதில் முடிந்து வைத்திருந்தாள்.

மது பாட்டிலை எடுத்துக்கொண்டு மேட்டில் ஓடினாள்.

கல்லறைச் சுவரோரம் அண்ணி கல்லிரோய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து எலும்புகள் காயப்போட்டிருந்தன. அண்ணியின் கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன.

"வாங்க ஏதென்ஸ்காரம்மா. கடல் எப்படி இருந்துச்சு?"

"அண்ணி... முடிச்சிட்டீங்களா?"

"பாதிரியார் அடுத்த ஊர்ல ஒரு கல்யாணம் நடத்தி வைக்கப் போகணும். உனக்காக எவ்வளவு நேரம்தான் அவரைப் பிடிச்சு வைக்க? உங்கண்ணன் மூணு தடவை போன் போட்டாரு."

போன் கரையில் பைக்குள் கிடந்தது.

"அத்தைக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள் அண்ணி, குரல் தணிந்து. "எலும்பெல்லாம் தேன் மாதிரி நிறம். நிம்மதியாத்தான் போயிருக்காங்க."

"நான் இன்னொரு வாட்டி கழுவட்டுமா?"

"ஒரு தடவைதான் கழுவுறது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அன்றைக்காவது பழியைக் காற்றின்மேல் போட முடிந்தது. இன்று ஓர் இலைகூட அசையவில்லை.

துணியின் ஓரத்தில் முன்கை எலும்பு ஒன்று இருந்தது. நடுவில் கொஞ்சம் கோணல், முடிச்சுப் போட்டதுபோல ஒரு தடிப்பு. அத்தி மரத்திலிருந்து விழுந்து அம்மா கையை உடைத்துக்கொண்டது ஒரு கோடைக்காலத்தில். கை கூடும்வரை அம்மாவின் தலையை வார்வராதான் வாரிவிட்டாள். ஒன்பது வயதுக் கை. "வலிக்குதுடி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அம்மா தலையைச் சாய்த்துக் கொடுப்பாள்.

தொடுவதற்காகக் குனிந்தாள்.

"கையத் தொடைச்சிக்கோ" என்றாள் அண்ணி. "மணலா இருக்கு."

கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் முடி ஈரமாக இருந்தது. நுனியிலிருந்து ஒரு சொட்டு அந்த முடிச்சின்மேல் விழுந்து பரவியது. கல்லிரோய் துண்டை எடுத்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கி உள்வாங்கியது. அது இருந்த இடத்தில் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு, உப்பு பூத்தது.