வெட்டிய வாக்கியம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை துணி மடித்துக்கொண்டே சொன்னது. அவள் ஒரு மேல்நிலைப் பள்ளியில், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டி. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தத் தேதிக்குள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதில் பாதி நாள் போய்விடும். மீதி நாள், விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டிய ‘என்னைப் பற்றி’ கட்டுரைகளைத் திருத்துவதில் போகும். ஐந்நூறு சொல்லுக்கு மேல் ஒரு சொல் போனாலும் கல்லூரியின் இணையதளம் வாங்காது. வளவளவென்று எழுதிக்கொண்டு வருவதை வெட்டிக் கொடுப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரி மிஸ். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கேட்டால் இல்லை என்பாள்.

“இதை எழுதிடாதே அண்ணா” என்றுதான் ஆரம்பித்தாள். எழுதுகிறவனிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி.

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து — (வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஆய்வகத்தை ஒட்டி, பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த இடத்தை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.)

அவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், ஆனால் — (இந்த ‘ஆனால்’ எதற்கு? லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் என்றால் என்ன குறைச்சல்?)

நெட்டை கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். (இது இருக்கட்டும். வகுப்பில் எல்லாரையும்விட ஒரு சாண் உயரம் என்பதால் நெட்டை.)

3

நெட்டை சனிக்கிழமைகளில் அப்பாவோடு வேலைக்குப் போவாள். அவர் பழுது பார்ப்பார், இவள் டார்ச் பிடிப்பாள். ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய், அப்பா உள்ளே மாட்டிக்கொண்டார். அதைத்தான் எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. ஐந்நூற்றுப் பதின்மூன்று சொல்.

தங்கை ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்தாள்: “நான் நான்கு மாடி இறங்கி ஓடிப்போய் வாட்ச்மேனை அழைத்து வந்தேன், அவர்தான் முக்கோணச் சாவியைப் போட்டுத் திறந்தார்.”

எண்ணிப் பாருங்கள், கச்சிதமாகப் பதின்மூன்று. மிஞ்சியது இது: “அப்பா நாற்பது நிமிடம் இருட்டில் இருந்தார். கதவு திறந்தது. அவர் முதலில் பார்த்தது என் முகத்தை.”

இதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை.*

(* எனக்கும் பக்க அளவு உண்டு. வாட்ச்மேனுக்கு முட்டிவலி, மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினார் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4

நெட்டை விண்ணப்பித்த மூன்று கல்லூரிகளில் இரண்டு கைவிரித்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் நேர்காணலுக்கு அழைத்தது. கணினி வழியாக, நாலு மணிக்கு, தங்கையின் அறையிலிருந்தே. “அப்பாவை நீங்கள் மீட்டதைப் பற்றிக் கேட்க ஆவலாக இருக்கிறோம்” என்று கடிதத்தில் இருந்தது.

“மிஸ், கதவை நான் திறக்கலையே” என்றாள் நெட்டை.

“தெரியும்.”

“எப்படித் திறந்தேன்னு கேட்டா?”

தங்கை தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். “நடந்ததைச் சொல்லு. இடம் பத்தலைன்னு மிஸ் ஒரு வரியை எடுத்துட்டாங்கன்னு சொல்லு.”

“சொல்லிடலாம் மிஸ். அப்பாதான்…”

“அப்பாவுக்கு என்ன?”

“வாட்ச்மேன் திறந்துட்டு ஒதுங்கிட்டார், உள்ள இருந்தவருக்கு யார் திறந்தாங்கன்னு தெரியாதுல்ல? கட்டுரையைப் படிச்சுட்டு நான்தான்னு நினைச்சுட்டார். நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, போற இடத்துல எல்லாம் எடுத்துக் காட்டுறார். இதுக்கு முன்னாடி அவர் யார்கிட்டயும் என்னைப் பத்திப் பேசினதே இல்ல மிஸ். இன்னைக்கு அவரும் வர்றார், பக்கத்துல உக்கார.”

5

இங்கே ஒரு திருத்தம். என் முதல் வரைவில், கட்டுரையிலிருந்து வாட்ச்மேன் காணாமல் போனதைத் தங்கை கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். உங்களுக்கு அவளைப் பிடிக்கவேண்டுமே என்ற கவலை. என் தங்கை அல்லவா. அதை அவளிடம் காட்டினேன்.

“கவனிச்சேன்” என்றாள். “மூணாவது தடவை படிக்கும்போது தெரிஞ்சுது. இப்படித்தான் நல்லா இருக்குன்னு தோணிச்சு. விட்டுட்டேன்.”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக நான் செய்வதும் இதேதான், எனக்கு அதற்குப் பாராட்டுக் கூட்டம் போடுகிறார்கள்.

6

முடிவு ஒன்று: நெட்டை உண்மையைச் சொல்கிறாள். பேராசிரியர் மனம் நெகிழ்ந்து அங்கேயே இடம் — (உண்மைக்குக் கைமேல் பலன். எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: “சாவியைப் போட்டு நானே திறந்தேன்” என்கிறாள். இடம் கிடைக்கிறது. அப்பா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் — (இதைத் தங்கை பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.)

7

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நாற்காலியின் நுனியில், முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு பேராசிரியர்கள். கேமராவில் விழாதபடி தங்கை சுவரோரம் நின்றாள்.

“கதவை எப்படித் திறந்தீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். அவரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார் போல.

மூன்று எட்டு வைத்திருந்தால் தங்கை திரைக்கு முன்னால் போய், வெட்டியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை.

“அந்த நிமிஷம் அவ பொய் சொல்லிடணும்னு வேண்டிக்கிட்டேன் அண்ணா. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள்.

“சரி, அவ என்ன சொன்னா?”

“சொல்லமாட்டேன். நீ அதையும் அழகாக்கிடுவே.”

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே இதை உங்கள் கையில் கொடுக்கிறேன். நெட்டை வாயைத் திறந்துவிட்டாள். அவள் என்ன சொன்னால் தேவலை என்று உங்கள் மனதில் இந்நேரம் ஒரு பதில் வந்திருக்கும். அதை எழுதுங்கள். எழுதிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.